பட்டியலில் அவள் பெயர்

கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகத் திரட்டிய நூல்களும் இதழ்களும் 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கின்றன. இத்தகைய சிறப்புத் தொகுப்புகள் பொது இணையப் பட்டியலில் சேரும்போது, வெளியூரில் தங்கித் தேட வழியற்ற மாணவிக்கும் கதவு திறக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அவள் தேடும் பெண் அங்கே எந்தப் பெயரில் இருக்கிறாள்?

திரிபுரசுந்தரி 'லக்ஷ்மி' என்ற பெயரில் நாவல்கள் எழுதினார். சி.எஸ். லக்ஷ்மி கதைகளில் 'அம்பை'. தமிழ் இலக்கியத்தில் பெண்கள் பற்றி 1984இல் வந்த அவரது ஆங்கில ஆய்வுநூலிலோ இயற்பெயர். மனைவியின் பெயரை வாங்கிக்கொண்ட ரங்கராஜன் 'சுஜாதா' ஆனார். வை.மு. கோதைநாயகியின் முன்னெழுத்துகள் கணவர் வீட்டுடையவை.

சிறிய நூலகத்தில், "நீங்கள் கேட்பது வேறு லக்ஷ்மி" என்று சொல்ல ஒரு நூலகர் இருப்பார். பொதுப் பட்டியலுக்கு நூற்பெயரும் ஆண்டும் போகின்றன. அவருடைய நினைவு போவதில்லை. கணினி எழுத்தைப் பொருத்திப் பார்க்கும், ஆளை அறியாது. இரண்டு லக்ஷ்மிகள் ஒருவராகலாம். ஓர் அம்பை இருவராகலாம்.

நூலகவியலில் இதற்கு வழி உண்டு. ஒருவரின் எல்லாப் பெயர்களையும் ஒரே பதிவில் சேர்த்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் 'காண்க' என்று வழிகாட்டுவது. மெதுவான, செலவு பிடிக்கும் வேலை. அதனாலேயே எளிதில் தள்ளிப்போகும். திருமணத்தாலும் வீட்டாருக்கு அஞ்சியும் பெண்கள் பெயர் மாற்றி எழுதிய மொழியில், அந்தத் தாமதத்தின் இழப்பு பெண்களுக்கே அதிகம். இணைப்புக்கான பணத்தில் முதல் பங்கை இந்த வேலைக்குக் கேட்போம்.