கான் சாகிபின் வீடு

எஸ்.சி.ஹில் 1914ல் வெளியிட்ட யூசுப் கான் வரலாற்றின் திருச்சிப் பகுதியை லால்குடி, ஸ்ரீரங்கம் பக்கத்துக்காரர்கள் ஊர்க்கதை மாதிரியே படிக்கலாம். 1753, 54ல் பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்ப் படையும் திருச்சியை வளைத்திருந்தபோது, கோட்டைக்குள்ளே அரிசி போய்ச் சேருவதுதான் பெரிய பாடு. மாடும் மூட்டையுமாக வந்த அந்தத் தானியத்தைக் காவல் காத்துக் கொண்டுசேர்த்தவர் யூசுப் கான். மேஜர் லாரன்ஸ் மெச்சினார். கம்பெனி தங்கப் பதக்கம் கொடுத்து, சிப்பாய்களுக்கெல்லாம் கமாண்டன்ட் ஆக்கியது.

ஹில்லின் பலம் கம்பெனிக் கடிதங்கள். பலவீனமும் அதுவேதான். லாக் ஃபைல் மாதிரி, எழுதினவனுக்கு எது தேவையோ அது மட்டுமே அதில் பதிவாகும். பதவி, படை, குத்தகைப் பணம் எல்லாம் துல்லியமாகக் கிடைக்கிறது. போர்த்துகீசிய வழிவந்த மனைவி மாசாவைப் பற்றிக் கிடைப்பதோ கொஞ்சம்தான். 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். சிறு மகனோடு மாசா எதிரிகள் கையில் சிக்குகிறார். அப்புறம் சுவடு மங்கிவிடுகிறது.

கமாண்டன்ட் வீட்டுக்கே இந்தக் கதி என்றால், அரிசி மூட்டையோடு நடந்த சாதாரணச் சிப்பாயின் வீடு? ‘எங்க பாட்டன் கம்பெனிப் பட்டாளம்’ என்று சொல்லும் குடும்பத்துக்கு அந்தக் கடிதங்களில் ஒரு தலைக்கணக்குதான் மிஞ்சும்.

அதனால் நா.வானமாமலை பதிப்பித்த ‘கான் சாகிபு சண்டை’யையும் பக்கத்தில் வைத்துத்தான் ஹில்லைப் படிக்கணும். தேதிக்குப் பாட்டை நம்ப முடியாது. ஆனால் கம்பெனி துரோகி என்று எழுதி முடித்த ஆளை ஜனங்கள் ஏன் விடாமல் பாடினார்கள் என்பதற்கு ஹில்லிடம் பதில் இல்லை.