எழுபது வளைவும் ஒரு ரப்பர் புஷ்ஷும்

காரவள்ளி தாண்டியதும் கொல்லிமலைப் பாதை தன் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டத் தொடங்கும். திருப்பும் வேலை முன்சக்கரங்களுடையது. திரும்பிய வண்டியைத் தடம் பிசகாமல் கொண்டுவந்து நிறுத்துவது பின்சக்கரங்கள். அவற்றை அடிச்சட்டத்தோடு இணைக்கும் மூட்டுகளில்தான் என் மனம் லயித்துக் கிடக்கிறது.

2014 வரை தயாரான அம்பாசடரை நினைத்துப் பாருங்கள். அதன் பின் அச்சைத் தாங்குபவை ஸ்பிரிங் பட்டைகள். பட்டையின் முன்முனை ஒரு முளையில் நிலையாக நிற்கும். பின்முனை ஷேக்கிள் என்ற தொங்கும் இணைப்பில் ஊஞ்சலாடும். பாரம் ஏறிப் பட்டை நிமிர்ந்தால் அதன் நீளம் கூடும், அதற்கு இடம்விடத்தான் அந்த ஊஞ்சல். வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்துப் பட்டை அமுங்கும், மறுபக்கத்துப் பட்டை தளரும். அப்போது அச்சே சற்றுக் கோணலாகத் திரும்பிவிடும். முன்முளை அச்சைவிடத் தாழ்ந்திருந்தால் வெளிச்சக்கரம் கொஞ்சம் முன்னே நகர்ந்து, வண்டியின் வாலை அடக்கிப் பிடிக்கும். முளை உயர்ந்திருந்தால் வால் வெளியே வீசும். ஒரு முளையின் உயரத்தில் வண்டியின் குணமே அடங்கியிருக்கிறது!

ஸ்விஃப்ட் போன்ற சிறிய கார்களில் முறுக்கு விட்டம் ஒன்று இரு பின்சக்கரங்களையும் இணைக்கிறது. அது அடிச்சட்டத்தில் பொருந்துமிடத்தில் இரண்டு ரப்பர் புஷ்கள். ரப்பர் மிருதுவானால் குழியின் அதிர்ச்சி உள்ளே வராது. ஆனால் வளைவின் பக்க விசையில் விட்டம் முழுதும் தவறான திசைக்குத் திரும்பப் பார்க்கும். கடினமானால் பிடி கிடைக்கும், சொகுசு போகும். 1983இல் வந்த இரண்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில் இதற்கு அழகான விடை கண்டார்கள். ஆப்பு வடிவப் புஷ்ஷை வைத்து, விட்டத்தைத் திருப்ப வந்த அதே விசையைக் கொண்டே அதை நேராக்கினார்கள். வடிவம் செய்த வேலை அது. அந்தச் சிந்தனையை நினைக்கும்போதெல்லாம் கைகூப்பத் தோன்றும்.

என் காரின் பின்புஷ்கள் வெடித்திருந்த நாட்களில், இறக்கத்தில் பிரேக் மிதித்ததும் பாரம் முன்னே சரிய, பின்பக்கம் ஒரு கணம் தயங்கித் தாமதமாகத் தொடரும். குழியில் 'டொக்' என்று ஒரு சத்தம். ஒவ்வொரு வளைவின் நடுவிலும் ஸ்டியரிங்கைத் திருத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டையும் மாற்றியபின் மலைமேல் உள்ள சோளக்காட்டிலிருந்து மீண்டும் இறங்கினேன். வளைவில் ஒருமுறை திருப்பிய ஸ்டியரிங், வளைவு முடியும்வரை என் கையில் அப்படியே இருந்தது.