'டு'வா, 'இங்'கா? பட்டியலுக்கு முன் தமிழ் வாக்கியத்தைப் பாருங்கள்

எஸ்.பி.எம். ஆங்கிலத் தேர்வுக்கென்று கைமாறிக்கொண்டிருக்கும் பயிற்சித்தாள்களைப் புரட்டினால் ஒரு பக்கம் தவறாமல் இருக்கும். இடப்பக்கம் 'டு' சேரும் வினைகள்: வாண்ட், டிசைட், ரெஃப்யூஸ். வலப்பக்கம் 'இங்' சேரும் வினைகள்: எஞ்சாய், அவாய்ட், ஃபினிஷ். கீழே ஒரு வரி: மனப்பாடம் செய்க. அவ்வளவுதான் பாடம்.

இந்தப் பட்டியலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பாடமாக அது போதாது. ஏன் இந்த வினைக்கு 'டு', அந்த வினைக்கு 'இங்' என்று அது சொல்வதில்லை. ஸ்டாப், ரிமெம்பர், ட்ரை போன்ற வினைகள் இரண்டு பக்கமும் வரும், பொருளும் மாறும். அங்கே பட்டியல் கைவிட்டுவிடுகிறது. எல்லாவற்றையும்விட, மாணவனுக்கு ஏற்கெனவே ஒரு மொழி தெரியும் என்பதையே அது கணக்கில் எடுப்பதில்லை.

பகாவ், ரந்தாவ், லுக்குட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளைப் பற்றி, "வீட்ல தமிழே பேசுறாங்க, அதான் இங்கிலீஷ் வரல" என்று சொல்வோர் உண்டு. இந்த ஒரு பாடத்திலாவது அது சரியில்லை. இங்கே தமிழ் பெரும்பாலும் கைகொடுக்கிறது.

இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். 'தாத்தா வெற்றிலை போட நின்றார்.' 'தாத்தா வெற்றிலை போடுவதை நிறுத்தினார்.' இந்த இரண்டையும் எந்தத் தோட்டத்துப் பிள்ளையும் குழப்பிக்கொள்ளாது. முதலாவது 'ஸ்டாப்ட் டு ச்யூ'. இரண்டாவது 'ஸ்டாப்ட் ச்யூயிங்'. தேசிய மொழியிலும் இதே வேறுபாடு உண்டு: 'பெர்ஹெந்தி உந்தோக் மெரோக்கோக்' என்றால் புகைப்பதற்காக நிற்பது, 'பெர்ஹெந்தி மெரோக்கோக்' என்றால் புகைப்பதையே விடுவது.

இலக்கண வகுப்பில் நாம் நடத்துவதுதான் இங்கே திறவுகோல். 'போட' என்பது செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம். 'போடுவது' தொழிற்பெயர், அதோடு ஐ உருபு சேர்ந்தால் 'போடுவதை'. நன்னூல் 12 வினையெச்ச வாய்பாடுகளைச் சொல்லி, அவற்றைக் காலத்தோடு சேர்த்துப் பிரிக்கிறது. 'உண்ண வந்தான்' என்றால் உண்பது இனிமேல்தான். 'உண்டு வந்தான்' என்றால் உண்டாகிவிட்டது.

இதை ஆங்கிலத்தோடு பொருத்திப் பார்ப்போம். 'வர மறுத்தான்', 'நீந்தக் கற்றான்', 'போக முடிவு செய்தான்': எல்லாம் செய எச்சம்; ஆங்கிலத்தில் 'டு'. 'போவதைத் தவிர்த்தான்': ஐ உருபு, 'இங்'. 'எழுதி முடித்தான்', 'விளையாடி மகிழ்ந்தான்', 'பேசிக்கொண்டே இருந்தான்': செய்து எச்சம், ஃபினிஷ், எஞ்சாய், கீப் என எல்லாவற்றுக்கும் 'இங்'.

பட்டியல் கைவிட்ட இடத்திலும் தமிழ் உதவுகிறது. 'கதவைத் திறக்க முயன்றான்' என்றால் 'ட்ரைட் டு ஓப்பன்'. 'கதவைத் திறந்து பார்த்தான்' என்றால் 'ட்ரைட் ஓப்பனிங்'. 'கதவைப் பூட்ட மறக்காதே' என்பதில் பூட்டுவது இனிமேல். 'ரிமெம்பர் டு லாக்'. 'பூட்டியது நினைவிருக்கிறது' என்பதில் பூட்டியாயிற்று, 'ரிமெம்பர் லாக்கிங்'. 'பூட்டியது' என்ற சொல்லிலேயே இறந்தகாலம் தெரிகிறது. 'லாக்கிங்' என்ற சொல்லில் அது தெரியாது.

எஸ்.பி.எம். எழுத்துத் தாளில் மின்னஞ்சல் எழுதும்போது 'லுக் ஃபார்வர்ட் டு மீட்' என்று எழுதுவது பழகிப்போன பிழை. 'டு'வைக் கண்டதும் கை தானாக 'மீட்' எழுதிவிடும். தமிழில் சொல்லிப் பார்த்தால் 'உங்களைச் சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்'. 'சந்திப்பதை' என்று ஐ வந்துவிட்டது. ஆகவே 'மீட்டிங்'.

தமிழ் எல்லா இடத்திலும் வழிகாட்டும் என்று சொன்னால் அதுவும் ஏமாற்றுதான். 'அப்பா பழம் வெட்டப் போனார்' என்பதற்கு 'டு கட்' சரி. 'மீன் பிடிக்கப் போனார்' என்பதற்கோ 'வென்ட் ஃபிஷிங்' என்பதே வழக்கு. 'வருவதாக வாக்களித்தான்' என்பதில் தமிழ் செய எச்சம் போடாது. ஆங்கிலம் 'டு' கேட்கும். சஜெஸ்ட், மைண்ட் இரண்டுக்கும் தமிழ் துணைக்கு வராது. இவற்றை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். 'வாங்குவதற்குப் போனேன்' என்று நினைத்து 'ஃபார் பை' என்று எழுதும் பழக்கமும் உண்டு; தேசிய மொழியின் 'உந்தோக்' அதற்குத் துணைபோகிறது. 'வாங்கப் போனேன்' என்று மாற்றிச் சொல்லச் சொன்னால் போதும், 'டு பை' வந்துவிடும்.

ஆக, பட்டியலைக் கிழித்துப் போடத் தேவையில்லை. அதைக் கடைசிக்குத் தள்ளலாம். முதலில் தமிழ் வாக்கியம், பிறகு எச்சமா தொழிற்பெயரா என்ற கேள்வி, பிறகு ஆங்கிலம். தமிழுக்குள் அடங்காத வினைகள் மட்டும் பட்டியலில் இருக்கட்டும். அப்போது பட்டியலும் சின்னதாகிவிடும். இதைத் தமிழாசிரியரே தம் வகுப்பில் 10 நிமிடத்தில் செய்யலாம். வினையெச்சம் எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் மாணவனுக்கும் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

பயிற்சிக்கு நான்கு: படிக்க மறந்தான்; படித்ததை மறந்தான்; பாடுவதை நிறுத்தினாள்; உப்புப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் எச்சமா தொழிற்பெயரா என்று சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் எழுதுக.