பனியில் காயும் கிழங்கு

பெரு, பொலிவியாவின் ஆண்டிஸ் மேட்டுநிலத்தில் ஜூன், ஜூலை இரவுகளில் உறைபனி கடுமை. அப்போதுதான் உழவர்கள் உருளைக்கிழங்கைப் புல்தரையில் பரப்புகிறார்கள். இரவில் உறையும், பகல் வெயிலில் இளகும். சில நாள் கழித்துக் குடும்பமே வெறுங்காலால் மிதித்து நீரைப் பிழிந்து, மறுபடி காயவைக்கும். கருத்துச் சுருங்கிய அந்த வற்றலுக்குப் பெயர் சுன்யோ. ஆண்டுக்கணக்கில் கெடாது, இன்காக்களின் களஞ்சியங்களில் இதைக் குவித்து வைத்திருந்தார்கள்.

என்னை மலைக்கவைப்பவை கசப்பு ரகங்கள். 4,000 மீட்டர் உயரத்திலும் பனியைத் தாங்கி விளையும். ஆனால் நச்சுக் கசப்பால் அப்படியே உண்ண முடியாது. நீரோடு அந்தக் கசப்பும் பெருமளவு வடிந்துவிடுகிறது. எவ்வளவு கூர்மையான அறிவு! விளைச்சல் பொய்த்த ஆண்டில், ஊறவைத்துச் சூப்பில் போட வீட்டில் சுன்யோ மூட்டை இருக்கிறது.