அந்தி ஒளியும் பறவையின் உருவமும்

பறவைப் புகைப்படங்களுள் இந்நாளில் மிகுதியாகக் காணப்படுவது மறையும் ஞாயிற்றை நேர்நோக்கி எடுக்கப்படும் படமாகும். செவ்வொளி பரந்த வானம், தாழ்ந்து பெருத்துத் தோன்றும் ஞாயிற்று வட்டம், அதன்முன் கரிய நிழலுருவாக ஒரு கொக்கு அல்லது ஒரு பூநாரைக் கூட்டம்: இவ்வளவே அதன் அமைப்பு. நாட்காட்டிகளிலும் வாழ்த்து மடல்களிலும் எம் மாணவர்தம் கைத்தொலைபேசிகளிலும் இத்தகைய படங்கள் நிறைந்து கிடக்கின்றன. கண்டார் யாவரும் அழகு என்பர். அடுத்த கணமே மறந்தும் விடுவர். அவ்வழகு ஞாயிற்றினதா, பறவையினதா என்னும் வினாவை எழுப்பாது இப்படங்களை மதிப்பிடுதல் இயலாது.

இவ்வினாவுக்கு விடைகாண உதவும் அளவுகோல் ஒன்று தமிழ்மரபிலேயே உண்டு. தொல்காப்பியர் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். புள்ளும் விலங்கும் பிறவும் கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். இவற்றுள் ஒன்றினும் ஒன்று சிறந்து, உரிப்பொருளே தலைமை பெறும் என்பர் உரையாசிரியர். நெய்தற்குரிய சிறுபொழுதாகிய எற்பாட்டினை ஞாயிறு சாயும் வேளை எனக் கொள்வார் பலர். ஆயின் எற்பாடு மட்டும் நின்று நெய்தற் பாட்டு ஆவதில்லை. பாட்டுக்கு வகுத்த நெறியைப் படத்துக்கு ஏற்றலாமோ எனின், ஏற்றலாம் என்பதே எம் துணிபு. பொழுது ஒன்று, புள் ஒன்று, அப்புள்ளின் ஒழுக்கம் ஒன்று என மூன்றும் படம்பிடிப்போன் முன்னே கிடக்கின்றன. அவற்றுள் முதற்பொருளை மட்டும் பற்றிக்கொண்டு ஏனைய இரண்டையும் நெகிழவிடுதலே அந்திப் படங்களிற் பெரும்பாலானவற்றின் குறை.

இக்குறை எளிதில் நேர்வதற்குக் காரணமும் உண்டு. அடிவானை அண்மிய ஞாயிற்றின் ஒளி மிகுந்த காற்றுப் படலத்தை ஊடுருவி வருகின்றது. நீலவொளி வழியிலே சிதறிவிடச் செவ்வொளியே பெரிதும் எஞ்சுகின்றது. கமெரா அப்பேரொளிக்கு இசைந்தால் பறவை இருளும். பறவைக்கு இசைந்தால் வானம் வெளிறும். பழைய நெகற்றிவ் சுருள் மிகையொளியை ஓரளவு தாங்கும். இலக்கக் கமெராவில் முற்றாக வெளிறிய இடத்தை மீட்டல் அரிது. ஆதலின் பறவையை இருளவிடுதலே எளிய வழியாயிற்று. காலமும் குறுகியது. யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகைக்குள் அமைந்திருத்தலின் ஞாயிறு இங்கு ஏறத்தாழ நேர்கீழாக இறங்குகின்றது. அடிவானைத் தொட்ட வட்டம் முழுதும் மறைய 2 நிமிடத்துக்குச் சற்று மேலேதான் செல்லும். அவசரத்திற் கைக்கு எளிதாக அகப்படுவது ஞாயிறே. (நீண்ட வில்லை பூட்டிய கமெராவின் கண்ணாடிக் காண்வழியூடாக ஞாயிற்றை நேரே நோக்குதல் கண்ணுக்குக் கேடு என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும்.)

நிறம் போனபின் பறவைக்கு எஞ்சுவது கோடு ஒன்றே. அக்கோடு பேசுமாயின் நிழலுருப் படம் சிறுமையுடையதன்று. கொக்கினம் பறக்கையிற் கழுத்தை மடித்துத் தோளோடு ஒடுக்கும். பூநாரையும் கரண்டிவாயனும் கழுத்தை நீட்டிச் செல்லும். பூநாரையின் அலகு நடுவிலே முறிந்தாற்போற் கீழ்நோக்கி வளைந்தது. தலையைக் கவிழ்த்து நீரை வடித்து இரைகொள்ளுதற்கு ஏற்றது. அவ்வளைவு தெரியாத பூநாரைப் படம் நெடுங்காற் பறவையொன்றின் படமேயன்றிப் பூநாரைப் படம் ஆகாது. கரண்டிவாயனைப் பக்கவாட்டில் எடுத்தால் அகன்ற அலகு மெல்லிய கோல்போற் சுருங்கிவிடும். அது முகம் திருப்பும்வரை காத்திருத்தல் வேண்டும். பறவையை அறிந்தவன் காத்திருப்பான். அறியாதவன் ஞாயிற்றை எடுத்துக்கொண்டு மீள்வான். படத்தில் ஞாயிற்றை விரலால் மறைத்துவிட்டு எஞ்சியதை நோக்குக. பெயர் சொல்லத்தக்க ஒரு பறவை அங்கு நிற்குமாயின் படம் தேறியது.

இதனினும் அரியதொரு முறை உண்டு. ஞாயிற்றைச் சட்டத்துக்கு வெளியே சற்று ஒதுக்கி, கண்டல் மரச்செறிவு போன்ற இருண்ட பின்னணியிலே பறவையை நிறுத்தின், அதன் இறகோரம் முழுவதும் பொற்கோடாக ஒளிரும். விரிந்த சிறகினூடே ஒளி கசியும். ஞாயிறு காணப்படாமலே அந்தி அங்கு நிறைந்திருக்கும். முதற்பொருள் தன் எல்லையில் அடங்கி நிற்றல் என்பது இதுவே.

வரலாற்றிலே இதனையொட்டிய சுவையான செய்தியொன்றுண்டு. பிரெஞ்சு உடலியலறிஞர் எத்தியேன் மாரே 1882ஆம் ஆண்டிலே துப்பாக்கி வடிவக் கமெராவொன்றை அமைத்து, நேப்பிள்ஸ் நகரிற் பறவைகளைச் செக்கனுக்கு 12 படமாகப் பிடித்தார். ஒளிவானின் முன் அவை கரிய நிழலுருக்களாகவே விழுந்தன. அவர் வேண்டியது அழகன்று. சிறகு அசையும் முறையே. நிழலுரு அதற்குப் போதாதெனக் கண்டு, பின்னர்க் கரிய பின்னணியின் முன் வெண்பறவைகளைப் பறக்கவிட்டு எடுத்தார். ஆயினும் அம்முதற் படங்களிலே சிறகின் ஒவ்வொரு நிலையும் உண்மையாக நிற்கின்றது. அவர் கனவிலும் காணாத கருவிகளை உடைய நம்மவர் படங்களிற் பலவற்றில் அவ்வுண்மை இல்லை.

இனி உரிப்பொருள். மன்னாரை அடுத்த வங்காலை 2008இற் பறவைச் சரணாலயமாக்கப்பட்டு, 2010இல் றாம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாயிற்று. அங்கும் நம் கடனீரேரிக் கரைகளிலும் ஆழமற்ற நீரில் இரைதேடும் வரவுப் பறவைகளை, ஞாயிற்றின் குறுக்கே பறக்கச் செய்வதற்காக அண்டிச் சென்று எழுப்புதல் சிலர் வழக்கம். நெடும்பயணம் செய்த புள்ளுக்கு இரைகொள்ளும் வேளை எத்துணை இன்றியமையாதது என்பதை விளக்க வேண்டியதில்லை. இது படத்துக்குப் புறம்பான ஒழுக்கநெறி என்று திறனாய்வாளன் ஒதுங்குதலும் கூடாது. குற்றம் படத்திலேயே பதிந்துவிடுகின்றது. எழுப்பப்பட்ட பூநாரைகள் கழுத்தை விறைத்து உயர்த்தி, ஒருபுறமாகத் திரண்டு, நீரைக் கால்களால் மிதித்து ஓடி எழும்; தாமாகத் தங்கிடம் செல்லும் கூட்டமோ ஒழுங்கான வரிசையாகத் தாழ்ந்து செல்லும். முன்னதற்குரிய உணர்வு அச்சம். அதனை 'அந்தியில் இல்லந் திரும்பும் பறவைகள்' எனப் பெயரிட்டு மலரிலே வெளியிடுதல், பாலைப் பாட்டுக்கு முல்லையெனத் துறை வகுத்தலோடு ஒக்கும்.