தட்டுகிற கை

கித்தார்னா விரலால மீட்டுறதுன்னுதான் ரொம்ப நாள் நெனச்சிருந்தேன். மெக்சிகோக்காரர்களான ரோட்ரிகோ சாஞ்செஸ், கேப்ரியேலா கிந்தேரோ இருவரையும் கேட்ட பிறகு அந்த நினைப்பு உடைந்தது. பாட்டில்லை. மேளமில்லை. நைலான் நரம்பு கட்டிய இரண்டு கித்தார்கள்தான். ஆனால் அடி கேட்கிறது. கேப்ரியேலா வலக்கை விரல்முட்டியாலும் உள்ளங்கையாலும் கித்தாரின் மரத்தைத் தட்டுகிறார். அதே கை அடுத்த நொடியில் நரம்புகளை வாரி இழுக்கிறது.

மெக்சிகோ நகரில் 'திராஷ் மெட்டல்' குழுவில் வாசித்தவர்கள் இவர்கள். 1999இல் ஐரோப்பாவுக்குப் போய், டப்ளினின் கிராப்டன் தெருவில் நின்று, போறவங்க வர்றவங்க போட்ட காசுக்கு வாசித்தார்கள். 2006இல் வந்த தொகுப்பு அயர்லாந்து விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதில் மெட்டாலிகாவின் 'ஓரியன்' இருக்கிறது. 2012இல் கியூப இசைஞர்களோடு 'ஏரியா 52' செய்தார்கள். 2019இன் 'மெட்டவொல்யூஷன்' மறு ஆண்டு கிராமி விருது வாங்கியது.

இவர்களுக்குப் பலரும் ஒட்டிய பெயர் 'ஃபிளமெங்கோ'. இல்லை என்று இவர்களே மறுத்தும் அது போகவில்லை. மெக்சிகோ முகம், கையில் நைலான் கித்தார், உடனே ஒரு முத்திரை. ஆளைப் பாத்து தொழிலைச் சொல்றது நமக்குத் தெரியாததா என்ன?

இன்னொரு பிரிவினையும் உண்டு. மெட்டை ஓட்டுகிற ரோட்ரிகோவுக்கு 'லீட்'. தட்டுகிற கேப்ரியேலாவுக்கு 'ரிதம்'. சொல்லிலேயே மேல் கீழ் வந்துவிடுகிறது. நான் சொல்கிறேன், அந்தப் பெண்ணின் கையை எடுத்துவிட்டுக் கேளுங்கள். மிச்சமிருப்பது வேகமான விரல்பயிற்சிதான். இந்த இசையின் உயிர் அடியில் இருக்கிறது.

அடிக்கு ஒரு வரலாறு உண்டு. தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் கிளர்ந்தார்கள். 1740இல் அவர்கள் முரசு வைத்திருப்பதையே சட்டம் தடுத்தது. பெருவில் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்கள் மரப்பெட்டியைத் தட்டித் தட்டியே 'கஹோன்' என்ற கருவியை உண்டாக்கினார்கள். 1970களில் பாகோ தெ லூசியா அதை ஃபிளமெங்கோவுக்குள் கொண்டுவந்தார். இன்று மேடையில் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து தட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கைகள் ஞாபகம் வரும்?

நம்ம கதை தலைகீழ். அங்கே அடிக்காதே என்றது சட்டம். இங்கே வந்து அடிடா என்றது ஊர். சாவுக்கு அடி, கொடைக்கு அடி. அடித்துவிட்டுத் தள்ளி நில். அதனால்தான் அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்ததும் போராட்டமானது; திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் அதைக் கையில் எடுத்ததும் போராட்டமானது. இரண்டுக்கும் கேள்வி ஒன்றுதான். யார் சொல்லி அடிக்கிறோம்?

கலப்பிசையை நான் இந்தக் கேள்வியை வைத்துத்தான் கேட்கிறேன். நம் 'ஃப்யூஷன்' மேடைகளில் பறைக்கு இரண்டு நிமிடம் தருகிறார்கள். கைதட்டல் வாங்கிக்கொண்டு மறுபடி ராகத்துக்குப் போய்விடுகிறார்கள். கலப்பு என்கிறார்கள், வரிசை மாறுவதில்லை. கேப்ரியேலாவிடம் அடி விருந்தாளியாக வரவில்லை. மெட்டு பிறக்கிற அதே மரத்தில், அதே கையில் பிறக்கிறது. ஒரே உடம்பு இரண்டையும் செய்யும்போது எது உயர்ந்தது என்று பிரிக்க முடியவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். 'மெட்டவொல்யூஷன்' என்ற தலைப்பில் பௌத்தத்தின் 'மெத்தா' இருக்கிறது. பாபாசாகேப் பேசிய மைத்ரி சமூகத்தை நோக்கியது. இவர்களிடம் அது தனி ஆளின் மனஅமைதியாகச் சுருங்கிவிடுவதாகவே எனக்குப் படுகிறது. தொகுப்பு முழுக்க அடி மட்டும் அதைவிடப் பெரிய ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

காதுக்கும் சாதி கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். தட்டுகிற கையை முதலில் கேட்கப் பழகுவோம்.