கலிகாரியின் பெட்டகம்: கோணல் சுவர்கள் கூறும் உண்மை

றொபேட் வீனேயின் ‘டாக்டர் கலிகாரியின் பெட்டகம்’ (1920) என்ற ஜேர்மன் மௌனப்படத்தில், வைத்தியர் ஒருவர் துயில்நடையாளன் சேசாரேயைக் கொலைக்கு ஏவுகிறார். அவரே மனநோய் மருத்துவமனையின் பணிப்பாளர் என்பது பின்னர் புலனாகிறது. ஆயின், கதைசொன்னவனே பித்தன் என்பதுடன் படம் முடிகிறது.

இச்சட்டகம் அதிகார எதிர்ப்பைப் பணிவாக மாற்றிவிட்டதென 1947இல் கிறக்கௌவர் வாதித்தார். மூலத் திரைக்கதையிலும் வேறொரு சட்டகம் இருந்தமை பின்னர் தெரியவந்தது. ஆனால் அங்கு கதைசொல்லி பித்தனல்லன். எனவே அவரது வாதம் தளர்கிறதேயன்றி வீழ்வதில்லை.

நாம் சுட்டவிரும்புவது வேறு. பணிப்பாளர் நல்லவராகிய பின்னரும் மருத்துவமனை முற்றம் அதே கோணல் வடிவிலேயே நிற்கிறது. கதை சமரசம் செய்கிறது; உருவம் மறுக்கிறது. 1983 முதல் 2009 வரை யுத்தத்தைக் கண்ட கல்முனைக் கரையோர வாசகருக்கு, ஏவப்பட்டவனை விடுத்து ஏவியவன் யாரென வினவுதல் அந்நியமானதன்று.